காணாக்கடியா? முதலில் பேனாவை எடுங்கள்

தோல் திடீரெனத் தடித்து அரிப்பதற்குக் காணாக்கடி என்று பேர் வைத்தவர்கள், கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்துவிட்டதாக நினைத்தார்கள். எதுவும் கடிப்பதில்லை. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதனால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து தோல் தடிக்கிறது, நரம்பு முனை சீண்டப்பட்டு அரிக்கிறது.

உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சு இரைப்பது, குரல் கம்முவது, தலைசுற்றி மயக்கம் வருவது, தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். அங்கே உயிர் காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். காணாக்கடியானால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் தோல் பழையபடி ஆகிவிடும். புதுத் தடிப்பு வேறிடத்தில் கிளம்பலாம். ஒரு நாள் தாண்டியும் அங்கேயே நின்று, அரிப்பைவிட வலி கூடுதலாக இருந்து, மறையும்போது கன்றிய கறை விட்டால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹேர் டை, செருப்பு வார் பட்ட இடத்தில் ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, நீர் கோத்துச் செதில் உதிர்ந்தால் அது பட்ட பொருளால் வரும் தொடு அலர்ஜி, கதையே வேறு. போட்டோவும் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது தோல் சுத்தமாக இருப்பதுதான் வழக்கம்.

வெற்றிலை மிளகுக் கஷாயத்துக்கு நல்ல பேர் கிடைத்ததும் இந்த 24 மணிக் கணக்கால்தான். எதைக் குடித்தாலும் அந்தத் தடிப்பு போயிருக்கும்.

மாத்திரை என்றால் ஹிஸ்டமினைத் தடுப்பவைதான். பெரியவர்களுக்கு செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5 மி.கி., ஃபெக்ஸோஃபெனடின் 180 மி.கி. இவற்றில் ஏதாவது ஒன்று, நாளுக்கு ஒரு தடவை. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்டுத்தான். ஃபெக்ஸோஃபெனடினை ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீர் போதும். பழைய அலர்ஜி மாத்திரையான அவிலுக்கும் கேட்கும் என்றாலும் தூக்கத்தில் தள்ளும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது. அடிக்கடி நடக்கும் தப்பு, அரித்தால் மட்டும் போடுவது. ஹிஸ்டமின் வந்து உட்காரும் இடத்தை மருந்து முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். தினமும் வருகிறதென்றால் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். அடங்காவிட்டால் நான்கு மடங்குவரை ஏற்றலாம், ஆனால் அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை உடனே அடக்கும். நிறுத்தினால் திரும்பவும் வரலாம், தொடர்ந்தால் சர்க்கரையும் எலும்பும் கெடும். அரிப்புக்கு ஈரத்துணி ஒத்தடம் போதும். வெந்நீர் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கத்திரிக்காயும் கருவாடும் வாங்கும் பழிக்கு அளவே இல்லை. உணவு அலர்ஜி பொதுவாகச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். ஆறு வாரத்துக்கு மேல் ஓடும் காணாக்கடிக்கு உணவு அபூர்வமாகத்தான் காரணம். பத்தியம் இருந்து மெலிவதுதான் மிச்சம். குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பங்கு வைரஸ் காய்ச்சலை ஒட்டியது. சூரை, அயிலை மீனை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் பாக்டீரியா மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து தடிக்கும், ஆனால் அது மீன் அலர்ஜி அல்ல.

மாத்திரைகளையும் பாருங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் தடிப்பைக் கிளறலாம். வலிக்குப் பாராசிட்டமால் தேவலை. இதயத்துக்குத் தரும் ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷருக்கு ராமிபிரில், எனலாபிரில் சாப்பிடுகிறவருக்கு அரிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ வீங்கினால் செட்ரிசின் வேலைக்கு ஆகாது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.