பட்டாணி அளவுக் கூழாங்கல்: அளவு கணக்கிடுவதும் பரப்புவதும்

பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கோ துவைகல்லுக்கோ போகும் மண் தடம், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சேறாகிவிடும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே சிமெண்டுத் தளம் போட்டால் சேறு ஒழியும். ஆனால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீர் மதிலோரத்தில் தேங்கி நிற்கும். நீரையும் உள்ளே விட்டு, காலிலும் சேறு ஒட்டாமல் காப்பதற்குக் கூழாங்கல் பரப்பு நல்ல வழி. கொத்தனார் இல்லாமலே, வீட்டில் உள்ள இருவர் மூன்று நான்கு நாள் உழைப்பில் இதைச் செய்து முடிக்கலாம்; இடையில் காத்திருக்கும் நாட்கள் தனி.

நான் முதன்முதலில் பரப்பியபோது, அதிகம் போட்டால் உறுதியாக இருக்கும் என்று நம்பி நான்கு அங்குலக் கனத்துக்குக் கல்லைக் கொட்டினேன். என் அம்மா அதில் நடந்த முதல் நாளே கால் புதைந்து தடுமாறினார்கள். பாதிக் கல்லை அள்ளி எடுத்த பிறகுதான் இந்த வேலையின் அடிப்படை எனக்குப் புரிந்தது. உடைத்த ஜல்லிக்குக் கூர்முனைகள் இருப்பதால், இடித்தால் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். உருண்டைக் கல்லுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. எவ்வளவு இடித்தாலும் அது உருளவே செய்யும். எனவே உறுதியை அடியில் உள்ள ஜல்லி தர வேண்டும், கல் ஓடாமல் ஓரத்துக் கரை தடுக்க வேண்டும், கூழாங்கல் மேலே மெல்லிய படலமாக மட்டுமே இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு அளவும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

எந்தக் கல்லைக் கேட்பது

கடையில் "கிராவல்" என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள், நிரப்புவதற்குப் பயன்படும் சிவந்த சரளை மண். லாரியில் அதுதான் வந்து இறங்கும். "கூழாங்கல்" என்றோ "பெப்பிள்ஸ்" என்றோ கேட்டு, 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை அளவு வேண்டும் என்று சொல்லுங்கள். கொண்டைக்கடலை அளவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அதைவிடப் பெரிய கல் வெறுங்காலை உறுத்தும். பொடிக்கல் செருப்பின் அடியில் சிக்கிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பளபளப்பேற்றிய அலங்காரக் கல் நடைபாதைக்கு ஆகாது, ஈரத்தில் வழுக்கும். கல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். ஆற்றுப் படுகையில் அள்ளிய கல்லை விட, உடைகல்லை இயந்திரத்தில் உருட்டி முனை மழுக்கிய கல் கிடைத்தால் அதையே நான் எடுப்பேன்.

சித்திரை வெயிலில் கல் கொதிக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கறுப்புக் கல் வெறுங்காலுக்குத் தாங்காது; வெளிர் மஞ்சள் அல்லது சாம்பல் நிறம் ஓரளவு பரவாயில்லை. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவர் நடக்கும் வழி என்றால், தயவுசெய்து கூழாங்கல் போடாதீர்கள். அங்கே பேவர் பிளாக்தான் பாதுகாப்பு.

கணக்கு

நம் ஊரில் மணலும் ஜல்லியும் கன அடியிலும் யூனிட்டிலும் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கூழாங்கல்லோ பெரும்பாலும் மூட்டைக் கணக்கில், அதாவது எடையில் வரும். ஆகவே முதலில் கன அடியைக் கண்டு, பிறகு அதை எடையாக மாற்ற வேண்டும்.

நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கினால் சதுர அடி. அதைக் கனத்தின் அங்குலத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் கன அடி. நடைமுறையில் இன்னும் எளிது: 2 அங்குலக் கனம் என்றால் சதுர அடியை 6ஆல் வகுங்கள், 3 அங்குலம் என்றால் 4ஆல், 4 அங்குலம் என்றால் 3ஆல்.

20 அடி நீளம், 3 அடி அகலமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 60 சதுர அடி. மேலே 2 அங்குலக் கூழாங்கல்லுக்கு 60ஐ 6ஆல் வகுத்தால் 10 கன அடி. மேடு பள்ளத்துக்கும் சிதறலுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 11 கன அடி. உலர்ந்த கூழாங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ என்று வைத்தால், 495 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை பத்து. அடித்தளத்துக்கு, இடித்து இறுகிய பின் 3 அங்குலம் நிற்க வேண்டும்: 60ஐ 4ஆல் வகுத்தால் 15 கன அடி. இடிக்கும்போது ஜல்லி அமுங்குவதால் கால் பங்கு கூட்டி, 19 கன அடி வாங்க வேண்டும்.

உட்காரும் முற்றம் 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. கூழாங்கல் 20 கன அடி, கூடுதலோடு 22 கன அடி, எடை ஏறக்குறைய ஒரு டன். நாற்காலி மேசையின் பாரம் இருப்பதால் அடித்தளத்தை 4 அங்குலமாக்குங்கள்: 40 கன அடி, இடிப்புக்குச் சேர்த்து 50 கன அடி, சரியாக அரை யூனிட். குட்டி யானை வண்டி முக்கால் டன் அளவுதான் ஏற்றும் என்பதால், இந்தக் கூழாங்கல்லுக்கு மட்டுமே இரண்டு நடை வேண்டியிருக்கும். வாடகையையும் அப்படியே கணக்கில் வையுங்கள்.

வளைந்த பாதையாக இருந்தால், நடுக்கோட்டின் மேல் கயிற்றைக் கிடத்தி நீளத்தை அளந்து, மூன்று நான்கு இடங்களில் எடுத்த அகலத்தின் சராசரியால் பெருக்குங்கள். வட்டத்துக்கு ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். ஆறடி விட்டமுள்ள மரத்தடி வட்டத்தில், நடுவே அடிமரத்துக்காக இரண்டடி விட்டத்தை விட்டால், மிஞ்சுவது 25 சதுர அடி. 2 அங்குலத்துக்கு நான்கு கன அடியும் கொஞ்சமும் ஆகும்.

மூட்டையில் உள்ள அளவில் ஐயம் இருந்தால், வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளியே போதும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், எனவே அந்த வாளி நிறைய ஒரு முறை அளந்தால் 0.7 கன அடி. வாளியை நிரப்பி எடை போட்டுப் பார்த்தால், நீங்கள் வாங்கும் அந்தக் கல்லின் உண்மையான எடைக் கணக்கு கிடைத்துவிடும். என் 45 கிலோவை விட அது நம்பகமானது. லாரியில் யூனிட் கணக்கில் வாங்கினால், கொட்டுவதற்கு முன்பே வண்டிப் பெட்டியின் நீள அகலத்தையும் சரக்கின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தோண்டுதல், வாட்டம், கோரை

பொங்கல் முடிந்த பிறகு தொடங்குவது நல்லது. மண் சற்று ஈரம் தாங்கியிருக்கும், மழை இடையில் வந்து கெடுக்காது. மோட்டார் கேபிளும் கழிவுநீர்க் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று விசாரிக்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்.

நான்கு மூலையிலும் முளையடித்து நூல் கட்டுங்கள். மூலை மட்டம் சரிதானா என்று பார்க்க, ஒரு நூலில் 3 அடியும் அடுத்த நூலில் 4 அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். பாதைக்கு ஐந்தரை அங்குலம் தோண்டுங்கள்: ஜல்லிக்கு 3, கூழாங்கல்லுக்கு 2, கல் கரைக்குக் கீழேயே நிற்பதற்காக அரை அங்குலம். முற்றத்துக்கு ஆறரை. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் என்பதால், அங்கே ஜல்லியை இன்னும் 2 அங்குலம் கூட்டி, கணக்கையும் தோண்டும் ஆழத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். செம்மண்ணுக்கு அது தேவையில்லை.

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 10 அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, விட வேண்டும். ரசமட்டம் குறுகலாக இருந்தால் நீளமான நேர்க்கட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். நீண்ட பாதைக்கு நீர் நிரப்பிய டியூப் லெவல் இன்னும் துல்லியம். வாட்டத்தை மேலே கூழாங்கல்லில் கொடுக்க முடியாது, தோண்டிய மண்ணிலேயே கொடுக்க வேண்டும். கல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக அமர்ந்தால்தான் நடை சீராக இருக்கும். பாதை இயல்பாகவே செங்குத்தாகச் சரிந்தால், 20 அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கம் இருக்கும் இடத்தில், கல் ஒவ்வொரு மழைக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே படிபோல் தட்டுத் தட்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை கோரையை ஒழிப்பது. அதன் முளை கூரானது. மேலே எந்தத் துணியை விரித்தாலும் குத்திக்கொண்டு வரும். மண்ணைக் கொத்தி, கோரைக் கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். நீர் தெளித்து பத்து நாள் விட்டு, முளைப்பதை மறுபடி பொறுக்குங்கள். அருகம்புல்லின் வேர்த்தண்டுக்கும் இதே கவனம் வேண்டும். இந்தப் பத்து நாள் காத்திருப்பை விட்டுவிட்டால், பின்னால் ஆண்டுக்கணக்கில் கல்லுக்கு நடுவே குனிந்து களை பிடுங்க நேரும்.

தோண்டிய மண் அள்ளும்போது உதிர்ந்து பெருகும். 20 அடிப் பாதையிலிருந்து ஏறத்தாழ 34 கன அடி மண் வெளிவரும். எங்கே கொட்டுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

கரை

கரை இல்லாத கூழாங்கல் பாதை ஒரு மழைக்காலத்துக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும். நன்றாக வெந்த செங்கல்லை நெட்டுக்குத்தாக, நாலரை அங்குல முகம் பாதையைப் பார்க்கும்படி நடலாம். இரு பக்கமும் சேர்ந்து 40 அடிக்கு 107 கல் ஆகும். உடைசலுக்கும் சேர்த்து 115 வாங்குங்கள். அரைவேக்காட்டுக் கல் ஈரத்தில் கரையும் என்பதால், எனக்குப் பிடித்தது 9 அங்குல அகலத்துக்கு அறுத்த கடப்பாக் கல் பட்டைதான். பட்டையை நிமிர்த்தி நட்டு, வெளிப்புற அடியில் சிமெண்டுக் கலவையைச் சரிவாக அப்பி, இரண்டு நாள் நீர் விட்டு ஆறவிடுங்கள். பாதைப் பக்கம் கலவை வேண்டாம், ஜல்லியை ஓரம்வரை இடிப்பதற்கு அது தடையாகும்.

துணி, ஜல்லி, கல்

தோண்டிய மண்ணைத் திம்சுக் கட்டையால் (மண் இடிக்கும் கனமான கட்டை) ஒருமுறை இடித்துச் சமன் செய்து, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். மண் மேலேறி ஜல்லியோடு கலக்காமல் தடுப்பதே இதன் முதல் வேலை. களை தடுப்பு அதற்கு அடுத்ததுதான். ஓரங்களில் துணி கரையின் மேல் ஏற வேண்டும் என்பதால் 3 அடிப் பாதைக்கு 4 அடி அகலம் எடுங்கள். 80 சதுர அடிக்கு ஏழரை சதுர மீட்டர், வாங்குவது 8. ஒட்டு வரும் இடத்தில் ஓரடி மேல்மடிப்பு வேண்டும். துணிக்குப் பதிலாகத் தார்ப்பாயையோ பாலித்தீன் தாளையோ விரிக்கவே கூடாது. நீர் அதன்மேல் நின்று, இந்தப் பாதை போட்டதன் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

முக்கால் அங்குல ஜல்லி மூன்று பங்கும் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள்) ஒரு பங்கும் கலந்து, பாதியைக் கொட்டிச் சமன் செய்து, நீர் தெளித்து இடியுங்கள். பிறகு மீதிப் பாதி. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் மேல்பகுதி மட்டும் இறுகி, அடி உதிரியாகவே நின்றுவிடும். முற்றம் போன்ற அகலமான இடத்துக்கு அதிர்வுப் பலகை இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது உடம்புக்கு நல்லது. குதிகாலை ஊன்றித் திருகினால் தடம் பதியக் கூடாது. பதிந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

கூழாங்கல்லைச் சல்லடையில் போட்டு நீர் ஊற்றிக் கழுவிய பிறகே பரப்புங்கள். கழுவாத கல்லின் தூள் அடியில் இறங்கிப் படிந்து, களை விதைக்கு மண்ணாக அமையும். முதலில் ஓர் அங்குலம் பரப்பி வாருகோலால் இழுத்துவிட்டு, அடுத்த அங்குலத்தைப் போடுங்கள். 2 அங்குலக் குறியிட்ட குச்சியை ஆங்காங்கே செருகிப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். முற்றத்தில் நாற்காலிக் கால்கள் கல்லுக்குள் புதையும். அவை நிற்கும் இடத்தில் ஓரடிச் சதுரக் கடப்பாக் கல்லை ஜல்லியின் மேலேயே பதித்து, சுற்றிலும் கூழாங்கல்லை நிரப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

செடிப் பாத்திகளில்

பாத்திக்கு ஜல்லியும் வேண்டாம், இடிப்பும் வேண்டாம். களை எடுத்து, நீர் பாய்ச்சி, 2 அங்குலம் கல் பரப்பினால் போதும். செடியின் தண்டைச் சுற்றி நான்கைந்து அங்குலம் வெறுமையாக விடுங்கள், இல்லையேல் ஈரம் தங்கித் தண்டு அழுகும். அரளி, காகிதப்பூ, சோற்றுக்கற்றாழை, கள்ளி வகைகளுக்கு இது பொருந்தும். கத்தரி, வெண்டை போன்ற, பருவந்தோறும் கொத்த வேண்டிய பாத்தியில் கல் கொட்டுவது தவறு. கல் மட்கி உரமாகாது, அங்கே சருகு மூடாக்கே சிறந்தது. வேப்பமரத்தடியையும் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. மாசி பங்குனியில் உதிரும் இலையைக் கல்லுக்கு இடையிலிருந்து வார முடியாது, அது மட்கி மண்ணாகி, கல்லின் மேலேயே புல் முளைக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள் நடந்த பிறகு கல் நடுவில் விலகி ஓரத்தில் குவியும், வாரிச் சமப்படுத்துங்கள். இரண்டு மூன்று மூட்டையைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் பிற்காலத்தில் அதே நிறத்துக்காக அலைய வேண்டாம்: 60 சதுர அடிக்கு அரை அங்குலம் நிரப்ப இரண்டரை கன அடிதான் தேவைப்படும். முதல் கனமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் பாதையை நடந்து பாருங்கள். எங்காவது நீர் நின்றால் அந்த இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் செய்து, காய்ந்த பின் கூழாங்கல்லை ஒதுக்கி, ஜல்லியும் தூளும் போட்டு இடித்து உயர்த்தி, ஒதுக்கிய கல்லைத் திரும்பப் பரப்புங்கள்.