மல்லி, தோடம்பழத் தோல், விளாம்பழம்: ஜின்ஜர் பியருக்குப் புது வாசனை

பெல்ஜியத்தில் வலோனியாப் பக்கத்துப் பண்ணைகளில் செசோன் என்றொரு பியர் காய்ச்சுவார்கள். குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த பானம் அது. சிலர் அதில் மல்லியும் தோடம்பழத் தோலும் சேர்ப்பார்கள். பியர் காய்ச்ச என்னிடம் உரிமம் இல்லை. ஆனால் அந்த வாசனை மனதில் நின்றுவிட்டது. போன சிறுபோக அருவி வெட்டு நேரம் மாங்குளத்து வீட்டில் ஜின்ஜர் பியரில் போட்டுப் பார்த்தேன்.

அடிப்படை வழக்கமானதுதான். 4 லீற்றர் தண்ணீரில் 250 கிராம் இடித்த இஞ்சியும் 400 கிராம் சீனியும் போட்டுக் கொதிக்க வையுங்கள். நன்றாக ஆறியதும் மூன்று தேசிக்காயின் சாறு, கால் தேக்கரண்டி ஈஸ்ட். துணியால் மூடி ஒரு நாள் விடுங்கள்.

வாசனையை முதல் நாளே போடாதீர்கள். நுரை பொங்கும்போது பாதி மணம் அதோடு போய்விடும். மறுநாள் வடிக்கும்போதுதான் போட வேண்டும். ஒன்றரை லீற்றர் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி மல்லியை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, அரைக் கோப்பை கொதிநீரில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். தோடம்பழத் தோலின் வெள்ளைப் பகுதியைச் சீவிவிட்டு அதையும் அதிலேயே போடுங்கள். வெள்ளை இருந்தால் கசக்கும். மிக்ஸியில் அரைத்த மல்லித்தூள் வேண்டவே வேண்டாம், ரசம் குடிப்பது போல இருக்கும். ஆறியதும் வடித்துப் போத்தலில் ஊற்றுங்கள்.

விளாம்பழம் என்றால், ஒரு பழத்தின் சதையைக் கொதித்தாறிய தண்ணீரில் பிசைந்து, துணியில் இரண்டு தரம் வடியுங்கள். தும்பு இருந்தால் மூடியைத் திறந்ததும் பாதி போத்தல் நிலத்தில்தான்.

இனி, நான் மாட்டிக்கொண்ட இடம். நான் பார்த்த குறிப்பில் ‘அறை வெப்பத்தில் மூன்று நாள்’ என்றிருந்தது. அது 20 பாகை அறை. எங்கள் குசினியில் 33. கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துவிட்டு அடுத்த நாள் வவுனியாவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு வெடித்திருந்தன. ஒரு கண்ணாடித் துண்டு அரிசி மூட்டைக்குள் குத்தி நின்றது. நல்ல காலம், வீட்டில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டும்தான். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகு அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள். சித்திரை வெயிலில் எட்டு மணித்தியாலம் போதும், மார்கழியில் ஒரு நாளும் ஆகும். கறண்ட் நீண்ட நேரம் போனால் மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை விடுங்கள். நாலு நாளுக்குள் குடித்து முடியுங்கள். கொஞ்சம் மதுசாரம் இருக்கும், வைக்க வைக்க ஏறும், அதனால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: விளாம்பழத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய கோடியல் ஊற்றினேன், காற்றே பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பழுதாகாமல் இருக்க அதில் போடும் மருந்து ஈஸ்டையும் அடக்கிவிடும். லேபிளைப் பாருங்கள், இல்லாவிட்டால் பழத்தையே வாங்குங்கள்.