ஊராட்சி சாலைக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு வெள்ளைத்தாளே போதும். 'பொதுத் தகவல் அலுவலர்' (தகவல் மனுக்களுக்குப் பதில் தரும் அதிகாரி) என்று விலாசமிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி (தபால் தலை செல்லாது) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மனுக்கள் கெடுவது பெரும்பாலும் கேள்வியில்தான். 'ஏன் சாலை சரியில்லை?' என்று கேட்டால் அது விளக்கம், தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: '2023-24இல் இன்ன தெருவில் போட்ட சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல்'. அளவுப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். போட்ட நீளம், அகலம், கனம் எல்லாம் அதில்தான் பதிவாகும். நீங்களே டேப் பிடித்து ஒப்பிடலாம்.

நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.