முழங்கால் தேய்மானமா? நடப்பதை நிறுத்திவிடாதீர்கள்

"தேய்மானம்னு சொல்லிட்டாங்க, இனிமே நடக்கக் கூடாது" என்று என் அம்மா ஆறு மாதம் நாற்காலியே கதி என்று இருந்தார். அந்த ஆறு மாதத்தில்தான் அவர் கால் மோசமானது. தொடை மெலிந்து, குளியலறைக்குப் போகவும் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

குழப்பம் 'தேய்மானம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. செருப்பு மாதிரி நடக்க நடக்கத் தேயும் என்று நினைத்துவிடுகிறோம். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது பஞ்சு போல அமுங்கி, எடுக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதுதான் அதற்குச் சாப்பாடு. முடக்கிப் போட்டால் பட்டினிதான். முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் முன்தொடைத் தசையும் கூடவே தளர்ந்துவிடும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணிவிட்டு மெல்ல இறக்குங்கள். தொடைமேல் கை வைத்தால் தசை இறுகுவது தெரியவேண்டும். காலுக்குப் பத்து முறை. லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

அம்மா செய்த இன்னொன்று, இரவு முழுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை. அப்போதைக்குச் சுகம்தான். ஆனால் நாளாக நாளாக மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும், காலை நீட்ட வராது. கைத்தடியையும் வலிக்கிற பக்கமே ஊன்றினார். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்கவேண்டும்.

கால்சியம் மாத்திரை இதற்குத் தீர்வில்லை. அது எலும்பு வலுவிழக்கும் நோய்க்கானது. இரண்டையும் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. அதைவிட ஆபத்து, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்குவது. வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம்.

எக்ஸ்ரேயைப் பார்த்தும் கலங்காதீர்கள். படத்தில் நிறையத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் உண்டு. எடை கூடுதலாக இருந்தால், 1 கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

சரி, எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. தேய்மானத்தில் காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் தாண்டியும் விடாமல், இரு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மருந்தே வேறு.