அரசு வேலையைக் கண்காணிக்கக் கிளம்பும் முன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஒரு நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு நாங்கள் ஆறு பேர் இறங்கி, தெருவில் இருக்கிற மூடிகளை எண்ணினோம். நடுவில் இருக்கும் வட்ட மூடி குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. ஓரத்தில் இருக்கும் செவ்வக கான்கிரீட் மூடி மாநகராட்சியின் மழைநீர் வடிகால். பக்கத்திலேயே மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதாவது வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. வடிகால் போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஒரே தெருவில் நாலு கைகள். அதுவரை நாங்கள் எழுதிய மனுக்கள் எல்லாமே ஒரே அலுவலகத்துக்குத்தான் போயிருந்தன.

முதல் தவறு இதுதான், மற்றவற்றுக்கு வேரும் இதுதான். யார் வேலை, யார் பணம், யார் கையெழுத்து என்று பிரித்துப் பார்க்காமல் ‘அரசு’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிறோம். கூட்டாட்சியில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபர் 3 அன்றுதான் ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே மாநிலத் திட்டமாக வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ‘பணம் ஏன் தாமதம்’ என்ற கேள்விக்கு, அந்தத் தேதிக்கு முன்பும் பின்பும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு. வடசென்னையின் கொசஸ்தலையாறு வடிகால் திட்டத்தில் வேலை மாநகராட்சியுடையது, கடன் ஆசிய வளர்ச்சி வங்கியுடையது. அந்த வங்கி தன் திட்ட ஆவணங்களைத் தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. நம் ஊர்க் குழுக்களில் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மனு எழுதும்போதும் இதே குழப்பம் காலை வாரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போடும் மனு மாநில அலுவலகத்துக்கு என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ரயில்வே போன்ற ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் போன்ற வேறு வழியில் கட்ட வேண்டும். பதில் திருப்தி இல்லாமல் முதல் மேல்முறையீடும் பலிக்காதபோது செய்யும் இரண்டாவது மேல்முறையீடும் அப்படியே: மாநகராட்சி மீது என்றால் மாநிலத் தகவல் ஆணையம், ரயில்வே மீது என்றால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் மழைக்காலம் முடிந்துவிடும்.

அடுத்து, ‘ஏன்’ என்று கேட்பது. நாங்களும் ‘வடிகால் பணி ஏன் முடியவில்லை?’ என்று எழுதினோம். கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும் அந்தப் பதிலில் சட்டம் இருந்தது. பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும். காரணத்தை நாம்தான் அதிலிருந்து படித்தெடுக்க வேண்டும். இப்போது மூன்றைக் கேட்கிறோம்: பணி ஆணை, ஒப்பந்தத்தில் உள்ள முடிவுத் தேதி, எம்-புக்கின் நகல். எம்-புக் என்பது பொறியாளர் நேரில் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு இடம் தருகிறது.

எம்-புக் கையில் வந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தோம். எழுதியிருந்த நீளம் சரியாகவே இருந்தது. காங்கிரீட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் வடிகால் கால்வாயைத் தொடுவதற்குச் சில அடி முன்னால் நின்றுபோயிருந்தது. அந்த இடத்தில் செங்கல் சுவர் ஒன்று, அதன் பின்னால் செடி முளைத்த மண். காகிதத்தில் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தண்ணீரைப் பொறுத்தவரை தொடங்கவே இல்லை.

செலவை வேலையாகவும், வேலையைப் பலனாகவும் எண்ணும் தவறு இங்கேதான் பிறக்கிறது. வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பவர்களும் இதில் விழுகிறார்கள். ‘இத்தனை கோடி ஒதுக்கீடு’ என்பது உத்தேசம்தான். 2025-26 வரவு செலவுத் திட்டத்தைத் திறந்தால், 2023-24க்குத்தான் உண்மையான கணக்கு இருக்கும். 2024-25க்கு இருப்பது திருத்திய மதிப்பீடு, அதாவது ஆண்டு முடியும் முன்பே போட்ட கணிப்பு. ஒதுக்கீட்டை ஒதுக்கீட்டோடும், கணக்கைக் கணக்கோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

எந்த மாநிலம் நன்றாக வேலை செய்கிறது என்று வரும் தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி ஒன்றே ஒன்று: எண்ணைத் தந்தது யார் என்று பாருங்கள். துறையே பதிவேற்றிய எண் என்றால், அது துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க்.

தணிக்கை அறிக்கையை ஒருநாள் செய்தியாகப் படித்துவிட்டு விடுவதும் தவறு. 2015 வெள்ளம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் பிறகுதான் கண்காணிப்பவரின் வேலை தொடங்குகிறது: தணிக்கை அறிக்கைகளை ஆராயும் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்ததா, துறை என்ன விளக்கம் தந்தது என்று பின்தொடர வேண்டும். மாநகராட்சிக் கணக்குக்கோ முதலில் பார்க்க வேண்டியது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கை. அதையும் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, யாருக்கும் கடமைப்படாமல் இருக்கும் சுதந்திரம். கூட்டம் போட மண்டபம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். நாங்கள் மொட்டை மாடியிலேயே கூடினோம். தேர்தலில் நிற்க நினைப்பவர் குழுவில் இருக்கலாம், ஆனால் அளவெடுப்பதிலும் அறிக்கை எழுதுவதிலும் வேண்டாம். நன்றாக நடந்த வேலையையும் அதே நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் காங்கிரீட் தரம் பற்றிய வரி இருந்ததால்தான், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் அந்தச் செங்கல் சுவரைப் பற்றிப் பேசியபோது பொறியாளர் எழுந்து வந்து போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கால்வாய்ப் பக்கம் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்றார். அனுமதி கேட்ட கடிதத்தின் தேதியையும் எண்ணையும் கேட்டு அடுத்த மனு போயிருக்கிறது.