கிரந்திச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்ப்பது எப்படி

கரப்பனோ சொரியாசிஸோ உள்ள ஒருவர் வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும், கையைக் கண்டவுடனேயே ஒரு பட்டியல் சொல்லப்படும்: இறால், நண்டு, கணவாய், சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, கச்சான், முட்டை. இவையெல்லாம் கிரந்தி, அதாவது தோல்நோயைக் கூட்டும் சாப்பாடு, விட்டால் தோல் சுகப்படும் என்பார்கள். அந்தப் பட்டியலை முழுப் பொய் என்று நான் தள்ளவில்லை. ஆனால் முழுவதையும் ஒரேயடியாக நிறுத்துவது பிழை என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளையில் கண்டேன். நான்கு வயதில் அவ்வாறு நிறுத்தி ஐந்து மாதம் சென்றபோது, முழங்கை மடிப்பிலிருந்த கரப்பன் இருந்தபடியே இருந்தது. வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மட்டும் கீழே இறங்கியிருந்தது.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னர், நோய் இன்னதென்று வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இரண்டு பேராக இரவில் சொறிந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. அதற்கு முழுக் குடும்பமும் ஒரே நாளில் மருந்து பூசுவதே வழி. தோட்டத்தில் பார்த்தீனியம் பிடுங்குபவருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வரும் அரிப்புக்கு அந்தச் செடியே காரணமாக இருக்கலாம். வெளிறிய தேமலைத் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், பத்தியம் காத்து நாள் கடத்தாமல் தொழுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கான சிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைக்கிறது.

நோய்க்கு நோய் சாப்பாட்டின் பங்கும் வேறுபடுகிறது. சொரியாசிஸ் உள்ளவர் உடற்பருமன் கூடியவராக இருந்தால், நிறையைக் குறைப்பது எந்தத் தனி உணவையும் விலக்குவதைவிட அதிகம் உதவும். மதுவும் புகைத்தலும் அந்நோயைக் கூட்டும். நமது கிரந்திப் பட்டியலில் கத்தரிக்காய்க்கு இடமுண்டு, சாராயத்துக்கு இல்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. அதிலும், சொரியாசிஸுக்காக வாரம் ஒரு தடவை மெதொட்றெக்சேற் என்ற மாத்திரையை விழுங்குபவர் மது குடித்தால் ஈரலுக்கே ஆபத்து. முகப்பருவுக்குச் சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்துப் பார்க்கலாம். மூன்று கரண்டிச் சீனி போட்ட பிளேன்ரீ, பாண், சோடா ஆகியவற்றைக் குறைத்து, ஆட்டக்காரி போன்ற சிவப்பரிசிச் சோறு, பயறு, கௌபி என்று மாறி 12 வாரம் பொறுத்திருந்தால் மாற்றம் தெரிய இடமுண்டு. ஆறு வாரத்துக்கு மேலாக வந்து வந்து மறையும் தடிப்புகளுக்குச் சாப்பாடு காரணமாவது மிக அரிது. கரப்பனில் ஒரு சிலருக்கு, குறிப்பாகக் கடுமையாக உள்ள சிறு பிள்ளைகளுக்கு, பால், முட்டை, கச்சான், கோதுமை, மீன் போன்றவற்றில் ஒன்று காரணமாகலாம். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கே பின்வரும் முறை.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். முதல் இரண்டு வாரங்களுக்கு எதையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் நேரத்தையும் எழுதி, இரவு படுக்கும்போது அரிப்புக்குச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு புள்ளி போட வேண்டும். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பதால், எத்தனை கையளவு தோல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றும் குறிக்கலாம். கிழமைக்கொரு தடவை, அதே வாசற்படியில், அதே காலை வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஞாபகத்தை நம்ப முடியாது. வியர்வை, நெற்கூளத்தின் தூசு, புதுச் சவர்க்காரம், பரீட்சைக் காலம் ஆகியவற்றையும் பக்கத்தில் எழுத வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் வரட்சியால் கூடிய கரப்பனுக்கு அன்று தின்ற கத்தரிக்காய் பழியேற்பது இப்படி எழுதாதவர்கள் வீட்டில்தான்.

பின்னர் கொப்பி காட்டும் ஒரே ஓர் உணவை மட்டும், முழுமையாக, நான்கு வாரங்கள் நிறுத்த வேண்டும். இந்த நான்கு வாரங்களில் பூசும் மருந்தையோ சவர்க்காரத்தையோ மாற்றக் கூடாது. குளித்து ஈரம் காயுமுன் பூசும் களிம்பையும் விடக் கூடாது. முட்டையை நிறுத்தினால் கேக்கிலும் பிஸ்கட்டிலும் உள்ள முட்டையையும் நிறுத்த வேண்டும். பாலை நிறுத்துபவர்கள் பால்மாவை மட்டும் நினைக்கிறார்கள். திரிபோஷா சத்துமாவிலும் பால்மா சேர்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். நான்கு வாரத்தில் மாற்றமில்லையென்றால் அந்த உணவு குற்றமற்றது. அதைத் திரும்பச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மாற்றம் தெரிந்தால் அதோடு நின்றுவிடாமல், அதை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கரப்பன் இரண்டு நாள் கழித்தும் கூடலாம் என்பதால் அந்த நாட்களையும் எழுத வேண்டும். திரும்பக் கொடுத்தபோது மீண்டும் வந்தால்தான் அந்த உணவு பிடிபட்டதாகும்.

ஆனால் ஓர் உணவைத் தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கியிருந்தாலோ, வாந்தியோ மூச்சுமுட்டலோ வந்திருந்தாலோ, அதை வீட்டில் பரீட்சிக்கவே கூடாது. அது வைத்தியசாலையில் செய்ய வேண்டிய வேலை. அப்படி நேர்ந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். நீண்ட காலம் விலக்கிய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது முன்பில்லாத கடும் ஒவ்வாமை தோன்றுவதுமுண்டு என்பதால், சிறுபிள்ளைகளில் இதை வைத்தியரின் ஆலோசனையோடுதான் செய்ய வேண்டும்.

எங்கள் கொப்பியில் கத்தரிக்காய், தக்காளி, முட்டை எதுவும் பிடிபடவில்லை. சூரைமீனுக்கு மட்டும் மூன்று தடவை முகம் சிவந்து உடம்பு தடித்ததாக எழுதியிருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் பிள்ளைக்கு மட்டுமல்ல, எனக்கும் முகம் காந்தியது. முல்லைத்தீவுக் கரையில் காலையில் ஏற்றிய மீன், ஐஸ் போதாத பெட்டியில் ஒட்டுசுட்டான் கடந்து மாங்குளம் பக்கம் வரும்போது மதியமாகிவிடும். சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்களால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, முகத்தைச் சிவக்கவும் உடம்பைத் தடிக்கவும் வைக்கும் பொருள் உருவாகிறது. குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாகத் தடித்தால் அது ஒவ்வாமையல்ல, பழுதான மீன். அதன் பின் ஐஸில் வந்த சூரையை வாங்கிக் கொடுத்தோம், ஒன்றும் செய்யவில்லை.

கைக்குழந்தைக்குக் கரப்பன் என்பதற்காகக் கச்சானையும் முட்டையையும் பல வருடம் தள்ளிப்போடும் வழக்கமும் மாற வேண்டும். கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்து பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், 4 முதல் 11 மாத வயதுக்குள் கச்சான் கொடுக்கத் தொடங்கிய குழுவில், ஐந்து வயதாகும்போது கச்சான் ஒவ்வாமை, கச்சானைத் தவிர்த்த குழுவைவிட ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. இத்தகைய குழந்தைக்கு முதலில் வைத்தியரிடம் கேட்டு, அரைத்துக் கரைத்தே கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும்.

ஓர் உணவு உண்மையாகவே பிடிபட்டுவிட்டால், அதற்கு ஈடானதையும் அன்றே சட்டியில் ஏற்ற வேண்டும். முட்டை நின்றால் பயறும் உளுந்தும் மீனும் கூடட்டும்; பால் நின்றால் முள்ளோடு தின்னும் நெத்தலியும் முருங்கையிலையும் வரட்டும். கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஆறு மாதத்துக்கொரு தடவை அந்த விலக்கு இன்னும் தேவையா என்று கேளுங்கள். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும்.