வல்லவரின் தயக்கத்துக்குச் செல்லப்பெயர் சூட்டும் முறை

மியன்மாரின் யாங்கோன் நகரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், கோவில் திருவிழாவுக்கு இருநூறு பேருக்குச் சமைப்பவர். கொதிக்கும் வாசனையை வைத்தே உப்பின் அளவைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் சாம்பாரை இறக்குமுன், "தம்பி, கொஞ்சம் உப்புப் பாரப்பா" என்று என்னை அழைப்பார். உப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் ஒருவர் நின்று, "சரியாக இருக்கிறது அக்கா" என்று சொல்வதுதான் அவருக்கு வேண்டும். கைதேர்ந்தவருக்கும் இத்தேவை உண்டு. அதற்கு விளையாட்டாக ஒரு பெயர் அமைந்துவிட்டால், கேட்பதில் உள்ள கூச்சம் பெரிதும் குறையும்.

பெயரின் பயனைப் பர்மிய மொழியே நமக்குக் காட்டுகிறது. பிறருக்குத் தொல்லை தர மனம் ஒப்பாத நிலையைப் பர்மியர் 'ஆநாடே' என்பர். அதில் 'ஆ' என்பது வலிமையையும் 'நா' என்பது நோதலையும் குறிக்கும். அந்த ஒரு சொல் இருப்பதால், நீண்ட விளக்கம் இல்லாமலே ஒருவர் தம் மனநிலையைச் சொல்லிவிட முடிகிறது. வல்லவர் ஆறுதல் கேட்கத் தயங்குவதும் பெரும்பாலும் ஆநாவினால்தான் என்பது என் எண்ணம்.

சொல் உருவாக்குவதற்கு முன் சில நாள் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் எந்த வேளையில், எந்தச் சொற்களால் கேட்கிறார் என்று கவனித்து, அச்சொற்களிலிருந்தே ஒரு காரணப்பெயரை எடுங்கள். அக்காவின் வாயிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது 'உப்புப்பார்ப்பு'. பிறகு அது அடுப்படியை விட்டு வெளியேறி, "இந்தக் கடிதத்துக்கு ஓர் உப்புப்பார்ப்பு வேண்டும்" என்று கணக்கெழுதும் அண்ணனும் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது.

பெயரை எதற்குச் சூட்டுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் தேவை. பயந்தாங்கொள்ளி, தொட்டாற்சிணுங்கி, அழுமூஞ்சி ஆகியவை எல்லாம் ஆளுக்கு வைத்த பெயர்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது, குழந்தைப் பருவத்தில் பெற்றவர் முதுமையிலும் அதைச் சுமப்பார். ஆகவே நீங்கள் செய்யும் சொல் அந்த நொடியையோ செயலையோ குறிக்கட்டும். வந்து போகும் ஒன்றாக அது ஒலிக்கட்டும். 'அவர் உப்புப்பார்ப்பி' என்று யாராவது திரித்தால் அப்போதே தடுத்துவிடுங்கள்.

இருக்கும் சொல்லைப் புதிதாகப் பிரித்துப் பார்ப்பதும் நல்ல வழி. தோசையைப் பர்மியர் 'தோஷே' என்கிறார்கள். அவர்கள் காதில் அது 'குட்டை', 'நீளம்' என்ற இரு சொற்களாக விழுகிறது. அதே விளையாட்டைத் தமிழிலும் ஆடலாம். 'தட்டுப்பாடு' என்றால் பற்றாக்குறை என்பது எல்லாருக்கும் தெரியும். அதையே தட்டிக்கொடுப்பார் இல்லாத பாடு என்று கொண்டால், "இன்று எனக்குத் தட்டுப்பாடு" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். மின்தட்டுப்பாட்டுக்குப் பழகிய இந்நகரத்தில் அது உடனே புரியும். எதிரொலிச் சொற்களும் உதவும்: 'சரிகிரி' என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கதையிலிருந்தும் எடுக்கலாம். தன் ஆற்றலை மறந்து கடற்கரையில் பேசாமல் இருந்த அனுமனுக்கு, அதைச் சாம்பவான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி நினைவூட்டுவதற்குச் 'சாம்பவம்' என்று பெயரிட்டால், 'சம்பவம்' என்ற ஒலியும் சேர்ந்து சிரிப்பைத் தரும்.

கேட்கும் சொல்லுக்கு விடைச்சொல்லும் வேண்டும். எங்களுடையது, "உப்புச் சரி". ஆனால் சுவைத்துப் பார்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பார்க்காமல் சொன்ன சரியை வல்லவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு அச்சொல்லால் அவருக்கு ஆறுதல் தர இயலாது. குறை இருந்தால் குறையையே சொல்லுங்கள்.

புதுச்சொல்லை முதலில் அவர்மீது பயன்படுத்தாதீர்கள். உங்கள் சொந்த வேலையை அவரிடம் நீட்டி, "அக்கா, எனக்கு ஓர் உப்புப்பார்ப்பு" என்று நீங்களே கேளுங்கள். அவர் தாமாக அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். சில வாரங்களாகியும் சொல்லவில்லை என்றால், அச்சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.